பயாஸில் எழுதிய வோல்ட்டும் புராசஸருக்குப் போகும் வோல்ட்டும்: ஓவர்கிளாக்கிங் தொடங்குபவர்களுக்கு

கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸில் 1.35 என்று எழுதிவிட்டால் புராசஸருக்கு 1.35 வோல்ட் போகிறது என்றுதான் ஓவர்கிளாக்கிங்கில், அதாவது புராசஸரை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவதில், புதிதாக இறங்குபவர்கள் நினைக்கிறார்கள். அப்படிப் போவதில்லை. கணினி சும்மா இருக்கும்போது ஓர் அளவு, முழு வேலையில் இருக்கும்போது இன்னோர் அளவு, வேலை தொடங்கும் நொடியிலும் முடியும் நொடியிலும் வேறு அளவு. ஓவர்கிளாக் செய்த கணினியில் வரும் வோல்டேஜ் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கின்றன. அதனால் கணினி ஹேங் ஆனதும் எண்ணை ஏற்ற ஓடாதீர்கள். அது எந்த நேரத்தில் நின்றது என்று முதலில் பாருங்கள். சும்மா இருந்தபோதா, வேலை உச்சத்தில் இருந்தபோதா, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போதா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வேகத்துக்கு ஏன் வோல்டேஜ் வேண்டும்

டிரான்சிஸ்டர் ஒரு மிகச் சிறிய சுவிட்ச். ஒன்று மாறினால்தான் அடுத்தது மாறும். ஒவ்வொன்றும் மாறுவதற்கு, அதற்கு அடுத்துள்ள சுற்றில் கொஞ்சம் மின்னூட்டம் நிரம்பவோ வடியவோ வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிளாக் சுற்றுக்குக் கிடைக்கும் நேரம் 0.2 நானோவினாடி. அந்த நேரத்தில் ஒளியே 6 சென்டிமீட்டர்தான் போகும். அதற்குள் நீளமான ஒரு சுவிட்ச் வரிசை முழுவதும் மாறி முடித்து, விடை நிலையாக நிற்க வேண்டும். வோல்டேஜைக் கூட்டினால் சுவிட்சுகள் சீக்கிரம் மாறும், குறைத்தால் தாமதிக்கும். தாமதித்தால் விடை வந்து சேர்வதற்குள் அடுத்த கிளாக் அடித்துவிடும், தவறான பிட் பதிவாகிவிடும். "வோல்டேஜ் போதவில்லை" என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

அந்தத் தவறான பிட் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். இயங்குதளத்தின் முக்கியமான இடத்தில் விழுந்தால் நீலத்திரை வரும். ஏதோ ஒரு மென்பொருளில் விழுந்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். நீங்கள் சேமித்துக்கொண்டிருக்கும் கோப்பில் விழுந்தால் எதுவுமே நடக்காதது போல இருக்கும், ஆனால் கோப்பு கெட்டிருக்கும். இந்த மூன்றாவதுதான் எனக்குக் கவலை தருவது. கணினி கிராஷ் ஆகவில்லை என்பதற்காக அது சரியாக ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் வோல்டேஜைத் தாராளமாகக் கொடுத்துவிடலாமே என்றால், அதற்கு விலை உண்டு. புராசஸர் இயங்கும்போது செலவாகும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடுகிறது. 4.8 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட் என்று இருந்ததை 5.0 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட் ஆக்கினால் வேகம் 4 சதவீதம்தான் கூடுகிறது, மின்செலவோ சுமார் 32 சதவீதம் கூடுகிறது. இது கணக்கில் வரும் பகுதி மட்டும். சூடும் வோல்டேஜும் ஏற ஏற, டிரான்சிஸ்டர்கள் வழியே சும்மா கசியும் மின்னோட்டமும் ஏறும். சூடு ஏறினால் அதே வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் தேவைப்படுவதும் உண்டு. ஆக, ஒரு கட்டத்துக்கு மேல் வோல்டேஜைக் கூட்டக் கூட்டக் கணினி இன்னும் நிலையிழக்கிறது என்றால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

வழியில் குறையும் வோல்டேஜ்

பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு வருவது 12 வோல்ட். மதர்போர்டின் மேல் மூலையில் செருகும் 8 பின் கேபிள் இதற்குத்தான். அந்த 12 வோல்ட்டை 1.2, 1.3 என்று இறக்கித் தருவது சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் விஆர்எம். ஹீட்சிங்குக்கு அடியில் ஒளிந்திருக்கும் மாஸ்ஃபெட்டுகள், சதுரமான சோக்குகள் (கம்பிச்சுருள்கள்), உருளை வடிவக் கெப்பாசிட்டர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அது.

200 வாட்டை 12 வோல்ட்டில் கொண்டுவர 17 ஆம்பியர் போதும். அதே 200 வாட்டை 1.2 வோல்ட்டில் கொடுக்க 160 ஆம்பியருக்கு மேல் வேண்டும். இவ்வளவு மின்னோட்டம் ஓடும் பாதையில், மிகச் சிறிய மின்தடைகூட வோல்டேஜைத் தின்றுவிடும். வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்ட நொடியில் பல்பு லேசாக மங்கும் அல்லவா, அதேதான் இங்கேயும் நடக்கிறது. லோட், அதாவது வேலைச்சுமை, ஏறும்போது வோல்டேஜ் இப்படி இறங்குவதை விட்ரூப் என்பார்கள்.

இந்த இறக்கத்தில் பெரும்பகுதி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. லோட் ஏற ஏற வோல்டேஜ் எவ்வளவு இறங்க வேண்டும் என்று புராசஸர் தயாரிப்பாளரே ஒரு கோடு போட்டுக் கொடுக்கிறார். அதுதான் லோட்லைன். அதன் அளவு மில்லிஓமில் இருக்கும். 1.1 மில்லிஓம் லோட்லைன் என்று வைத்துக்கொள்வோம். 150 ஆம்பியர் ஓடும்போது 1.1 × 150 = 165 மில்லிவோல்ட் இறங்கும். பயாஸில் 1.35 எழுதியவருக்கு முழு லோடில் கிடைப்பது 1.185 வோல்ட்தான். அவர் 1.35 போதவில்லை என்று நினைத்து 1.40 ஆக்குகிறார். உண்மையில் போதாமல் போனது 1.185.

ஏன் வேண்டுமென்றே இறக்க வேண்டும்? லோட் சட்டென்று நின்றுபோகும் நொடியை நினைத்துப் பாருங்கள். 150 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்த பாதையில் திடீரென்று 20 ஆம்பியர்தான் வேண்டும் என்றால், சோக்குகளில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் உடனே நின்றுவிடாது. எஞ்சியது கெப்பாசிட்டர்களில் போய்ச் சேர்ந்து, வோல்டேஜ் ஒரு கணம் மேலே துள்ளும். இதற்கு ஓவர்ஷூட் என்று பெயர். ஏற்கெனவே 1.185-இல் இறங்கி நிற்கும்போது துள்ளினால், அது 1.35-ஐத் தாண்டாமல் அடங்கிவிடும். இறங்காமல் 1.35-இலேயே நின்றுகொண்டிருந்தால் துள்ளல் 1.35-க்கு மேலே போய்விடும். இது மைக்ரோவினாடிகளில் முடிந்துவிடுவதால் நீங்கள் பார்க்கும் எந்த மென்பொருளிலும் தெரியாது. வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைக் கணம் கணமாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வைத்தால்தான் தெரியும்.

இப்போது லோட்லைன் கேலிபிரேஷன், அதாவது எல்எல்சி, எதற்கு என்று புரியும். பயாஸில் இருக்கும் அந்த அமைப்பு லோட்லைனின் சரிவைக் குறைக்கிறது. சரிவு குறைந்தால் லோடில் வோல்டேஜ் குறைவாக இறங்கும், பதிலுக்கு ஓவர்ஷூட் கூடும். உச்ச நிலையில் வைத்தால் கோடு முழுக்கத் தட்டையாகிவிடும். சில போர்டுகளில் லோட் ஏறும்போது வோல்டேஜ் இறங்குவதற்குப் பதிலாக ஏறவே செய்யும். மென்பொருளில் எண் அசையாமல் நிற்பதைப் பார்த்துப் பலர் மகிழ்ந்துபோகிறார்கள். அந்த உச்ச நிலையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நடு நிலையில் வைத்து, லோடில் கொஞ்சம் இறங்கவிட்டு, அந்த இறங்கிய அளவு போதுமா என்று பார்ப்பதே நல்லது.

ஒரு எச்சரிக்கை: எல்எல்சி நிலைகளின் எண்கள் போர்டுக்குப் போர்டு தலைகீழாக இருக்கும். ஆசஸ் போர்டுகளில் எண் பெரிதானால் இறக்கம் குறையும். எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் போர்டுகளில் 1 என்பதுதான் மிகக் கடுமையான நிலை. கிகாபைட்டில் லோ, மீடியம், ஹை, டர்போ என்று பெயர்கள். யாரோ "5-இல் வை" என்று சொன்னதை வேறு நிறுவனத்தின் போர்டில் அப்படியே வைத்தால் சொன்னதற்கு நேர் எதிராகப் போகலாம்.

எந்த எண்ணை நம்புவது

எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளைத் திறந்தால் வோல்டேஜ் என்று நாலைந்து வரிகள் வரும். விஐடி என்பது புராசஸர் "எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று கேட்கும் அளவு. கிடைத்த அளவு அல்ல. விகோர் என்பதுதான் அளந்த அளவு, அதிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கே அளந்தது? சில போர்டுகள் சாக்கெட்டுக்கு அருகில் அளக்கின்றன, சில புராசஸர் சிப்புக்கு உள்ளிருந்தே அளவை எடுக்கின்றன. சாக்கெட் அருகில் அளந்தால், அங்கிருந்து சிப் வரைக்குமான இறக்கம் கணக்கில் வராது. அதனால் முழு லோடில் காட்டும் எண் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். விஆர்எம் கன்ட்ரோலரே தரும் விஆர் விஅவுட் என்ற வரி இருந்தால், இன்டெல் போர்டுகளில் அதைப் பாருங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டுகளில் எஸ்விஐ2 டிஎஃப்என் என்று முடியும் வரியைப் பாருங்கள்.

ஏஎம்டியின் ரைசன் புராசஸர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி பதறும் இடம் ஒன்று உண்டு. கணினி சும்மா இருக்கும்போது 1.45 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது, கெட்டுப்போய்விடுமா என்று கேட்பார்கள். 2019-இல் ரைசன் 3000 வரிசை வந்தபோது இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. புராசஸருக்குள் கணக்குப் போடும் அலகுகளான கோர்களில் ஒன்றே ஒன்று சில கணங்கள் உச்ச வேகத்துக்குப் போவதற்காகக் கேட்கும் வோல்டேஜ் அது. அந்த நேரத்தில் மின்னோட்டம் மிகக் குறைவு, சூடும் குறைவு. இதில் வேடிக்கை, பார்க்கும் மென்பொருளே கோர்களை அடிக்கடி எழுப்பி அந்த எண்ணை வரவைக்கும். ஆனால் அதே 1.45-ஐ நிலையான வோல்டேஜாக எழுதி எல்லாக் கோர்களையும் முழு லோடில் ஓட்டினால், அது முற்றிலும் வேறு கதை. சிப்பைக் கெடுப்பது வோல்டேஜ் மட்டும் அல்ல. வோல்டேஜ், மின்னோட்டம், சூடு மூன்றும் ஒன்றாகக் கூடும்போது உள்ளே இருக்கும் நுண்கம்பிகள் மெல்ல அரிக்கப்படுகின்றன.

எப்போது விழுகிறது

இங்கேதான் நிதானம் வேண்டும். கிராஷ் ஆன நேரத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

புராசஸரை முழு வேலையில் ஓட்டிச் சோதிக்கும் ப்ரைம்95 அல்லது ஓசிசிடி போட்டு சில நிமிடங்களில் நீலத்திரை, அல்லது ப்ரைம்95-இல் ஒரு வொர்க்கர் (சோதனையின் ஒரு கிளை) மட்டும் ரவுண்டிங் பிழை சொல்லி நின்றுவிடுகிறது: இது முழு லோடில் வோல்டேஜ் போதவில்லை என்பதன் வழக்கமான அடையாளம். சூட்டைப் பாருங்கள். சூடு எல்லைக்குள் இருந்தால், லோடில் உள்ள விகோரைக் குறித்துக்கொண்டு 10 முதல் 20 மில்லிவோல்ட் கூட்டிப் பார்க்கலாம். அல்லது எல்எல்சியை ஒரு படி கடுமையாக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். ப்ரைம்95-இன் சிறிய எஃப்எஃப்டி சோதனை ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகளை ஓயாமல் ஓட்டும். சாதாரண வேலைகளில் வராத மின்னோட்டம் அதில் வரும். அந்தச் சோதனையில் மட்டும் விழுகிறது என்றால், பல இன்டெல் போர்டுகளில் ஏவிஎக்ஸ் ஆஃப்செட் என்று ஒன்று இருக்கும். அந்தக் கட்டளைகள் வரும்போது மட்டும் வேகத்தை 100, 200 மெகாஹெர்ட்ஸ் குறைத்துக்கொள்ளும்.

மணிக்கணக்கில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் தாங்குகிறது, ஆனால் டெஸ்ட்டை நிறுத்தியதும் ஹேங், அல்லது சும்மா ஒரு வலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ரீஸ்டார்ட். இதைத்தான் புதியவர்கள் அதிகம் தவறாகப் படிக்கிறார்கள். "லோடிலேயே நின்றதே, அப்புறம் ஐடிலில் எப்படி வோல்டேஜ் போதாமல் போகும்?" என்று குழம்புகிறார்கள். ஆஃப்செட் முறையில், அதாவது இயல்பான வோல்டேஜிலிருந்து இவ்வளவு கூட்டு அல்லது குறை என்று சொல்லும் முறையில், மைனஸ் எண் கொடுத்திருந்தால், அது முழு லோடில் உள்ள வோல்டேஜை மட்டும் குறைப்பதில்லை. குறைந்த வேகங்களில் உள்ள வோல்டேஜையும் சேர்த்தே குறைக்கிறது. மேலே தாங்கும் 80 மில்லிவோல்ட் குறைப்பு, கீழே தாங்காமல் போகலாம். ரைசனில் கோர் வாரியாக வோல்டேஜைக் கூட்டிக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் பயன்படுத்துபவர்களுக்கும் இதே கதைதான். அதில் ஒரு படி என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 30 கொடுத்துவிட்டு, மல்டிகோர் சோதனையில் தாங்குகிறது என்று நிம்மதி அடைந்தால் போதாது. எல்லாக் கோர்களும் ஓடும்போது வேகம் குறைவு. ஒரு கோர் மட்டும் ஓடும்போதுதான் அது உச்ச வேகத்துக்குப் போகும், விழுவது அங்கேதான். கோர்சைக்ளர் என்ற சிறு நிரல் ஒவ்வொரு கோராக எடுத்துச் சோதிக்கும். இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது.

எந்தக் கோர் விழுகிறது என்பதை விண்டோஸே சொல்லிவிடும். ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போய், வியா-லாக்கர் (WHEA-Logger) என்ற மூலத்தைத் தேடுங்கள். ஈவென்ட் ஐடி எண் 18 என்றால் கணினியை வீழ்த்திய பிழை. எண் 19 என்றால் பிழை வந்தது, வன்பொருளே திருத்திக்கொண்டது. 18-ஐத் திறந்தால் உள்ளே ஏபிஐசி ஐடி என்று ஓர் எண் இருக்கும். 8 கோர் ரைசனில் அந்த எண்ணைப் பெரும்பாலும் இரண்டால் வகுத்தால் கோரின் எண் கிடைக்கும். 6 அல்லது 7 என்றால் கோர் 3. திரும்பத் திரும்ப ஒரே எண் வருகிறது என்றால், அந்தக் கோருக்கு மட்டும் மைனஸ் 30-ஐ மைனஸ் 20 ஆக்கினால் போதும். மற்ற ஏழு கோர்களையும் தொட வேண்டியதில்லை. நீலத்திரை எதுவும் வராமலே 19-ஆம் எண் வரிசையாக நிறைந்திருந்தாலும் அலட்சியம் வேண்டாம். விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அதற்குப் பொருள்.

நீலத்திரையே வராமல், சுவிட்சை அணைத்தது போலக் கணினி சட்டென்று இருண்டுவிடுகிறதா? இது பெரும்பாலும் வோல்டேஜ் குறைவு அல்ல. பவர் சப்ளையோ விஆர்எம்மோ தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை வெட்டியிருக்கிறது. இங்கே வோல்டேஜைக் கூட்டுவது நிலைமையை மோசமாக்கும். 8 பின் கேபிள் முழுதாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பவர் சப்ளைகளுக்கான பொதுத் தரமான ஏடிஎக்ஸின் 2.x பதிப்புகளின்படி 12 வோல்ட் பாதை 5 சதவீதத்துக்குள், அதாவது 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். மென்பொருள் காட்டும் 12 வோல்ட் எண் பல போர்டுகளில் துல்லியமாக இருக்காது. சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரால் பவர் சப்ளை கனெக்டரில் அளந்து பாருங்கள். ஓடும் கணினியில் சாக்கெட்டுக்கு அருகே மீட்டர் முனையைக் கொண்டுபோகும் வேலை மட்டும் வேண்டாம். கை ஒரு மில்லிமீட்டர் நழுவினால் ஷார்ட் ஆகி போர்டு போய்விடும்.

அப்புறம் இன்னொரு வகை: கிராஷே இல்லை, ஆனால் வேகம் வரவில்லை. புராசஸர் சூடு குறைவாக இருந்தும் கிளாக் திடீரென்று விழுந்தால், விஆர்எம் சூடாகித் தடுக்கிறதா, பவர் லிமிட் பிடிக்கிறதா என்று பாருங்கள். ரைசனில் சில நேரம் கிளாக் எண் சரியாகவே இருக்கும், வேகச் சோதனையில் வரும் மதிப்பெண் மட்டும் குறையும். வோல்டேஜ் போதாதபோது சிப் கிளாக்கைக் கணம் கணம் நீட்டிக்கொள்வதால் வருவது இது. எச்டபிள்யூஇன்ஃபோவில் எஃபெக்டிவ் கிளாக் என்ற வரியைப் பார்த்தால் உண்மையான வேகம் தெரியும். முழு லோடில் இரண்டு எண்களுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் வோல்டேஜை அளவுக்கு மீறிக் குறைத்திருக்கிறீர்கள்.

ஆட்டோ என்பதை நம்பலாமா

வேகத்தை மட்டும் ஏற்றிவிட்டு வோல்டேஜை ஆட்டோவில் விட்டால், போர்டு தாராளமாகத்தான் கொடுக்கும். கணினி எப்படியாவது ஓட வேண்டும் என்பதே அதன் நோக்கம், குளிர்ச்சி அல்ல. சூடு எதிர்பாராமல் 90 டிகிரியைத் தாண்டுகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, விகோர் ஆட்டோவில் இருக்கிறதா என்றுதான். இன்டெல் போர்டுகளில் ஏசி லோட்லைன் என்று ஓர் அமைப்பும் உண்டு. அது பெரிதாக இருந்தால் புராசஸர் லோடில் கூடுதல் வோல்டேஜ் கேட்கும்.

போர்டும், புராசஸருக்குள் ஓடும் கட்டுப்பாட்டு நிரலான மைக்ரோகோடும் கேட்பதெல்லாம் எப்போதும் பாதுகாப்பானது என்று இருந்த நம்பிக்கையை அண்மை நிகழ்வுகள் இரண்டு அசைத்துவிட்டன. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி புராசஸர்கள் சில சாக்கெட்டிலேயே கருகின. அதன்பின், மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டாதபடி ஏஎம்டி பயாஸில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்களில் பல, நாளாக நாளாக நிலையிழந்தன. சிப் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டதும் ஒரு காரணம் என்று இன்டெல் சொன்னது. அந்த ஆகஸ்டில் வந்த மைக்ரோகோட், கேட்கும் வோல்டேஜை 1.55-க்குள் அடக்கியது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். எந்த வோல்டேஜையும் தொடுவதற்கு முன் பயாஸைப் புதுப்பியுங்கள் என்று சொல்வது இதனால்தான். அந்த 1.55 ஓர் உச்ச வரம்பு, இலக்கு அல்ல.

வேலையை எந்த வரிசையில் செய்வது

முதலில் எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். மெமரியின் வேகத்தை ஏற்றும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ உட்பட மெமரி அமைப்பையும் அணையுங்கள். மெமரி கோளாறு புராசஸர் கோளாறு போலவே தெரியும், இரண்டையும் ஒன்றாகக் கிளறினால் நாட்கள் வீணாகும். இயல்பு நிலையிலேயே விழுந்தால் அது ஓவர்கிளாக்கிங் சிக்கலே அல்ல. கடைக்கோ தயாரிப்பாளருக்கோ கொண்டுபோக வேண்டிய சிக்கல்.

இயல்பில் நின்றால், புராசஸர் வேகத்தை மட்டும் 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றுங்கள். எல்எல்சி நடு நிலையில் இருக்கட்டும். சோதனை போட்டு, தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: பயாஸில் வைத்தது, ஐடிலில் வந்தது, முழு லோடில் வந்தது. பக்கத்திலேயே உச்ச சூடு. விழுந்தால், எப்போது விழுந்தது என்று ஒரு சொல். நான்கைந்து வரிகள் சேர்ந்ததுமே உங்கள் சிப்பின் போக்கு தெரிய ஆரம்பிக்கும். முதல் 100 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மில்லிவோல்ட் போதுமாக இருந்திருக்கும், அடுத்ததற்கு 30, அதற்கடுத்ததற்கு 70 கேட்கும். அந்த 70 வரும் இடத்தில் நின்று, ஒரு படி இறங்கிவிடுங்கள். அதற்கு மேல் கிடைக்கும் வேகத்தைவிட சூடுதான் அதிகம். இன்னொருவரின் அதே மாடல் புராசஸர் 50 மில்லிவோல்ட் குறைவாக ஓடுகிறது என்பதால் உங்களுடையதும் ஓட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒவ்வொரு சிப்பும் தனி.

புராசஸர் நிலையாக நின்றபின் மெமரியைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போது மட்டும் பிழை வந்தால் விகோரைத் தொடாதீர்கள். மெமரி கன்ட்ரோலருக்குத் தனி வோல்டேஜ் உண்டு. இன்டெலில் சிஸ்டம் ஏஜென்ட், ரைசனில் எஸ்ஓசி. ரைசனில் 19-ஆம் எண் பிழையோடு பஸ், இன்டர்கனெக்ட் என்ற சொற்கள் வந்தால், சிப்பின் பகுதிகளை இணைக்கும் பாதையின் வேகமான ஃபேப்ரிக் கிளாக்கை ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

எழுதிய அமைப்பில் கணினி திரையே காட்டாமல் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான போர்டுகள் சில முறை முயன்றுவிட்டுத் தாங்களே இயல்புக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, போர்டில் சீமாஸ் கிளியர் என்று குறித்த இரண்டு பின்களைச் சில வினாடிகள் ஸ்குரூடிரைவரால் இணையுங்கள். அந்தப் பின் கைக்கு எட்டாவிட்டால் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வையுங்கள். எல்லா அமைப்பும் அழிந்துவிடும், தாளில் எழுதியது கைகொடுக்கும்.